எட்டரை அடிப் பாட்டு

ஒலிபெருக்கியில் அவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது என் கையெழுத்து.

தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நீல மையில், வரி கோணாமல், 'ழ'வின் வாலைக் கொஞ்சம் நீட்டி எழுதுவது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் கையெழுத்து மட்டும் நிற்கவில்லை. அந்தக் கையெழுத்துதான் அன்றைக்கு எங்கள் மானத்தை வாங்கியது.

"ஏழுமலை, பேஸ் கிட்டார். இசை பயின்ற இடம், மில் தறிக் கூடம். ஏழு ஆண்டுகள்."

போட்டி நடத்திய கலை மன்றத்தின் செயலாளர் படிப்பதை நிறுத்திவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசை சிரித்தது.

"தனகோட்டி, டிரம்ஸ். பயின்ற இடம், சாவு ஊர்வலம். பதினான்கு ஆண்டுகள்."

இந்த முறை பாதி மண்டபம் சிரித்தது. மின்விசிறிகளின் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பின்னால் உட்கார்ந்திருந்த தனகோட்டியைப் பார்த்தேன். இரண்டு குச்சிகளையும் மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை. போன வாரம் மில் சங்கைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் சின்ன மகள், "அப்பா, நீங்க ராக் பேண்டுல இருந்தீங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். நிஜம்தான். நாங்கள் யார், எங்கே கற்றோம் என்பதை அந்தச் செயலாளர் படித்த மாதிரி இல்லாமல் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகை

எங்கள் குழுவின் பெயர் 'சண்டே ஷிஃப்ட்'. மில்லில் எனக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. அன்றைக்குத்தான் வாசிக்க முடியும். அதனால் அந்தப் பெயர்.

இடம் நெல்லித்தோப்பில், தனகோட்டியின் சித்தப்பா வைத்திருந்த பேண்டு செட் கொட்டகை. யாராவது இறந்துபோனால் மேளக்காரர்கள் அங்கிருந்துதான் கிளம்புவார்கள். ஊர்வலத்தில் கழுத்தில் மாட்டி அடிக்கும் பெரிய மேளத்தைத் தரையில் சாய்த்து வைத்து, மில் பட்டறையில் பற்றவைத்துச் செய்த ஒரு பெடலை அதில் பூட்டினோம். அதுதான் எங்கள் டிரம்ஸ். தெருவில் எங்காவது அழுகைச் சத்தம் ஆரம்பித்தால் எங்கள் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். தனகோட்டி பெடலைக் கழற்றிவிட்டு மேளத்தை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

அவன் பத்து வயதில் மேளம் தொட்டவன். யாரும் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடந்துகொண்டே கற்றான். வெயிலில், தாரில் செருப்பில்லாமல், பாடை தூக்குகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே. "நம்ம கை தப்பினா அவங்க கால் தப்பும். கால் தப்பினா பொணம் ஆடும். அதுக்கப்புறம் எவனும் நம்மளக் கூப்புட மாட்டான்" என்பான். எந்த இசைப் பள்ளியிலாவது இவ்வளவு கண்டிப்பு உண்டா, சொல்லுங்கள்.

லீட் கிட்டார் லூயி. அவனுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா, அதாவது சிப்பாய். தெருவில் எல்லாரும் அவரை பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் அவருக்கு பியூகிள் என்கிற ஊதுகொம்பை ஊதும் வேலை. ஊருக்கு வந்த பிறகும் அவரால் அதை விட முடியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சோறு வடித்ததும் பின்கட்டில் நின்று, பட்டாளத்தில் சாப்பாட்டுக்கு ஊதுகிற அழைப்பை ஊதுவார். வீட்டில் எல்லாரும் தட்டோடு வந்து உட்கார வேண்டும். எதிர் வீட்டு நாய்கூட வந்துவிடும்.

பியூகிளில் விரலுக்கு வேலையில்லை. உதட்டால்தான் எல்லாம். வருவதும் நாலைந்து சுரம்தான். லூயி பிறந்ததிலிருந்து கேட்டது அந்த நாலைந்து சுரம். கிட்டாரில் எத்தனையோ சுரம் இருந்தும் அவன் விரல் அந்த நாலைந்தின் மேலேயே குதித்துக் குதித்துப் போகும். அதற்கு ஒரு தனி மிடுக்கு இருந்தது.

மார்த்தா மாதா கோவில் பாடற்குழுவில் பாடியவள். அங்கே அவளுக்கு எப்போதும் இரண்டாவது குரல்தான். மேலே ஒருத்தி பாட்டைப் பாடுவாள், இவள் கீழே தாங்குவாள். அதனால் தனியாக ஒரு பாட்டைப் பாடச் சொன்னால் அவளுக்கு வராது. "யாராவது மேல பாடுங்களேன், நான் புடிச்சுக்கறேன்" என்பாள். எங்களில் மேலே பாட யார் இருக்கிறார்கள்? கடைசியில் லூயியின் கிட்டார் மேலே போனது, அவள் கீழே பாடினாள். கேட்பவர்களுக்குப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மார்த்தாவோடு அவள் அம்மாவும் வருவார். முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே மூன்று மணி நேரம் எங்களைக் காவல் காப்பார்.

உள்ளங்கால் கற்றது

நான்காவது ஆள் நான். மாசி மகத் திருவிழாக் கடையில் வாங்கிய, பொத்தானை அமுக்கி வாசிக்கும் ஒரு புல்புல்தாராதான் என் முதல் வாத்தியம். லூயியின் அண்ணன் பிரான்சுக்குப் போகும்போது விட்டுப்போன பேஸ் கிட்டார் பிறகு என் கைக்கு வந்தது. நாலு கம்பி, தடிமனான சத்தம். யாரும் அதைப் பொறாமையாகப் பார்க்கவில்லை, எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் தாளம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், தறிக் கூடத்திலிருந்துதான். நீங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. இருநூறு தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்தில் காது செத்துப்போகும். நம்முடைய தறி ஓடுவது மட்டும் உள்ளங்கால் வழியாக உள்ளே ஏறும். எட்டு மணி நேரம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் கால் அடித்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் கூடத்துக்குக் கோவிந்தன் மேஸ்திரி என்று ஒருவர். தறி பழுதானால் சரி பண்ணுகிறவர், கதிர்காமத்திலிருந்து சைக்கிளில் வருவார். எங்களுக்கெல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும் இடத்தில் அவர் சும்மா நடந்து போவார். போகும்போதே நின்று, "இந்தத் தறிக்கு ஒடம்பு சரியில்ல" என்று கையைக் காட்டுவார். ஒருநாளும் அவர் சொன்னது தப்பியதில்லை.

இப்போது எங்கள் பாட்டு பிறந்த கதைக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஏதோ நினைப்பில் ஒரு அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். லூயி அதன் மேல் வாசிக்க வந்தான். இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டான்.

"ஏழுமல, எட்டுல நிறுத்து. நீ எட்டரை போற."

"இல்லப்பா, சரியாத்தான் போறேன்."

"எண்ணு பாப்போம்."

எண்ணினேன். வாயால் எண்ணும்போது எட்டு. கையால் வாசிக்கும்போது எட்டாவதில் ஒரு சின்னத் தடுக்கல், பிறகு அரை அடி அதிகம். நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அதேதான்.

"இன்னாப்பா இது, செருப்பு அறுந்தவன் நடக்கற மாதிரி இருக்கு" என்றான் லூயி.

"வுடு லூயி" என்றான் தனகோட்டி. "தெரு முனை திரும்பறப்ப நாங்களும் இப்படித்தான் அரை அடி புடிச்சு வைப்போம். பாடை தூக்கறவன் கால் மாத்தணும்ல?"

மார்த்தாவின் அம்மா முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பாட்டுல கூடவா பாடை? நல்லா இருப்பீங்கடா."

"இருக்கட்டும்மா. அந்த எடத்துலதான் எனக்கு மூச்சு வாங்க முடியுது" என்றாள் மார்த்தா.

லூயி என்னை மறுபடி வாசிக்கச் சொன்னான். பிறகு அந்த அரை அடிக்குள் தன் அப்பாவின் சாப்பாட்டு அழைப்பிலிருந்து இரண்டு சுரத்தைக் குத்தினான். டா-டீ. கொட்டகையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். சரியாகப் பொருந்திவிட்டது. தப்பாக வந்த அரை அடிக்குத் தனகோட்டி ஒரு காரணம் சொன்னான், மார்த்தா ஒன்று, லூயி ஒன்று. எனக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. ஷிஃப்ட் விட்டுச் சைக்கிளில் வருகிறவர்களைப் பற்றி நான் நாலு வரி எழுதினேன். எங்களுக்கென்று ஒரு பாட்டு வந்துவிட்டது.

நான் செய்த தப்பு

கடற்கரைப் பக்கத்தில் ஒரு கலை மன்றம் இருந்தது. பெயர் வேண்டாம். செயலாளருக்கும் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த மன்றம் ஒரு போட்டி அறிவித்தது. முதலில் வருகிற குழுவைச் சென்னைக்கு அனுப்பி அவர்களுடைய சொந்தப் பாட்டை இசைத்தட்டாகப் போடுவார்கள். எங்கள் நாலு பேர் பெயரும் ஒரு தட்டின் நடுவில், வட்டமாக அச்சாகி வருவதை நான் கண்ணை மூடினால் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வேறு எதற்காகவும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

முன்கூட்டியே பாட்டை கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். கூடவே ஒரு படிவம். அதில் 'இசைப் பின்னணி: யாரிடம், எத்தனை ஆண்டுகள் பயின்றீர்கள்?' என்று ஒரு கட்டம்.

தனகோட்டி அப்போதுதான் ஒரு ஆபீஸில் பியூனாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "எனக்கு சும்மா பேண்டு செட்டுன்னு போட்டுக்கோ. ஆபீஸ்ல இருந்து ஆளுங்க பாக்க வராங்க" என்றான்.

"உள்ளத எழுதறதுல இன்னாடா வெக்கம்?" என்றேன்.

"வெக்கம் எனக்கு இல்ல. அவங்க சிரிப்பாங்க."

"யாருடா சிரிக்கப் போறாங்க? பெரிய மனுஷங்க, படிச்சவங்க."

நான் பெரிய நேர்மைக்காரனாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முழுசாக எழுதினேன். தறிக் கூடம். சாவு ஊர்வலம். அப்பாவின் பியூகிள். கோவில் பாடற்குழு, இரண்டாம் குரல். கேசட்டையும் படிவத்தையும் நானே கொண்டுபோய்ச் செயலாளர் கையில் கொடுத்துக் கும்பிடும் போட்டுவிட்டு வந்தேன்.

அவர்கள் முதலில் வாசித்தார்கள்

போட்டியில் எங்களுக்கு முன்னால் மேடையேறியது செயலாளரின் அக்கா மகன் நடத்திய குழு. நால்வருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கால்சட்டை. பியானோ டீச்சரிடம் படித்தவர்கள் என்று அறிவித்தார்கள். நாங்கள் மேடையின் ஓரத்தில் நின்று கேட்டோம்.

இரண்டாவது சுற்றில் மார்த்தா என் கையைப் பிடித்தாள். அப்படி அவள் என்னைத் தொட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அது எங்கள் பாட்டு. சொற்களை மட்டும் பிரெஞ்சில் மாற்றியிருந்தார்கள். எட்டாவதில் தடுக்கல் இருந்தது. அரை அடி இருந்தது. அதற்குள் முசியேவின் டா-டீயும் இருந்தது. கேசட்டில் எப்படி இருந்ததோ அப்படியே.

"இன்னா பாடறாங்க?" என்று லூயியிடம் கேட்டேன்.

"கடல், நிலா, நீ. வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். எங்களிடம் வேறு சொந்தப் பாட்டு கிடையாது. "நம்ம பாட்டையே வாசிப்போம். நாம எதுக்கு மாத்தணும்?" என்றாள் மார்த்தா. வாசித்தோம். அன்றைக்கு வாசித்த மாதிரி நாங்கள் என்றைக்கும் வாசித்ததில்லை. கோபம் தாளத்தைக் கெடுக்கும் என்பார்கள். தனகோட்டிக்குக் கெடவில்லை.

முடித்ததும் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "கேட்ட பாட்டையே மறுபடி கேக்க வெச்சிட்டாங்க நம்ம தம்பிங்க. ஓரமா நின்னு கேட்டு, உடனே புடிச்சிட்டாங்க. கெட்டிக்காரங்கதான். இவங்க எங்க படிச்சவங்கன்னு பாப்போமா?" என்று சொல்லிவிட்டு எங்கள் படிவத்தை எடுத்தார். அவர் படித்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

எங்கள் பாட்டை எடுத்துக்கொண்டதற்குக்கூட நான் அவரை மன்னித்திருப்பேன். நம்பிக் கொடுத்த காகிதத்தை எடுத்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் ஆட்களுக்கு முன்னால் தனகோட்டியைச் சிரிப்புக்கு விட்டாரே, அதற்கு இல்லை.

தனகோட்டி எழுந்தான். கத்தவில்லை. அந்தக் குழுவில் டிரம்ஸ் அடித்தவனைப் பார்த்துக் கேட்டான்.

"தம்பி, நல்லா அடிச்சீங்க. எட்டாவது அடிக்கப்புறம் ஒண்ணு நிக்குதே, அத எப்படி எண்ணுவீங்க? எண்ணிக் காட்டுங்க, கத்துக்கறேன்."

அந்தப் பையன் ஒன் டூ என்று ஆரம்பித்தான். எட்டு வரை வந்தான். அங்கே நின்றான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி எட்டில் நின்றான். செயலாளரின் அக்கா மகன் குறுக்கே வந்து, "அது வெளிநாட்டு ஸ்டைலு. எண்ண முடியாது. ஃபீல் பண்ணணும்" என்றான்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

மேஸ்திரி எழுந்தார்

என் தறிக் கூடத்திலிருந்து இருபது பேர் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தவர் கோவிந்தன் மேஸ்திரி. ஆயுள் முழுக்க இரைச்சலில் பேசிய தொண்டை. அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, வெளிநாடும் இல்ல ஒண்ணும் இல்ல. அது எங்க நாப்பத்தி மூணாம் நம்பர் தறி."

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"அதோட பக்கவாட்டுப் பல் சக்கரத்துல ஒரு பல்லு தேஞ்சிருக்கு. எட்டு அடிக்கு ஒருக்கா வழுக்கும். நாலு மாசமா மாத்தணும் மாத்தணும்னு நான்தான் வுட்டு வெச்சிருக்கேன். அந்தத் தறிய ஓட்டறவன் இதோ நிக்கறான், ஏழுமல. இந்த வெள்ளக் கால்சட்டப் புள்ளைங்க எங்க மில்லு வாசல மிதிச்சிருக்காங்களா, கேளுங்க."

பிள்ளைகளே, எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேடையில் நின்றபடி என் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தேன். ஆமாம். டக் டக் என்று போய், எட்டாவதில் க்ளடக். ஏழு வருஷம் நின்ற காலுக்கு நாலு மாதத்தில் ஏறிய பழுது. செருப்பு அறுந்தவன் நடக்கிற மாதிரி என்று லூயி சொன்னானே, நொண்டியது நான் இல்லை, சக்கரம்.

அவர்கள் திருடியது எங்கள் பாட்டை மட்டும் இல்லை. தறியின் பழுதையும் சேர்த்துத் திருடிக்கொண்டு, அதற்கு வெளிநாட்டு ஸ்டைல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பின்வரிசை முழுக்க எழுந்து நின்று காலால் தரையில் அடிக்க ஆரம்பித்தது. எட்டு அடி, ஒரு தடுக்கல். இருபது பேரும் ஒரே மாதிரி. அவர்கள் எல்லாருக்கும் அந்தத் தறியைத் தெரியும்.

இதற்குப் பிறகு நியாயம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. "தறிக்கும் சங்கீதத்துக்கும் இன்னாய்யா சம்பந்தம், உக்காருங்க" என்றார் செயலாளர். நடுவர்கள் குனிந்து குனிந்து பேசினார்கள். முதல் பரிசு வெள்ளைக் கால்சட்டைக்கு. எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. தனகோட்டி அதை வாங்கிச் செயலாளரின் மேசையிலேயே வைத்துவிட்டு, மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடு வழியாக நடந்து வெளியே போனான். வழியில் மூன்றாவது வரிசையிலிருந்த அவன் ஆபீஸ் ஹெட் கிளார்க் எழுந்து வழிவிட்டார். அந்த ஒன்றைத்தான் அன்றைக்கு நான் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

தெருவில் அவனைப் பிடித்தேன். "நீ சொன்னபடி பேண்டு செட்டுன்னே எழுதியிருக்கணும்டா. என் தப்பு."

"எழுதினது சரிதான்" என்றான். "குடுத்த எடம்தான் தப்பு."

திங்கள்கிழமை ஷிஃப்டுக்குப் போனால், கோவிந்தன் மேஸ்திரி புதுச் சக்கரத்தோடு என் தறிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"வேணாம் மேஸ்திரி" என்று கையை ஆட்டினேன்.

அவர் என் காதில் வாயை வைத்துக் கத்தினார். "துணியில கோடு விழுதுடா. பாட்டுக்காகத் துணியக் கெடுப்பாங்களா?"

மாற்றிவிட்டார். தேய்ந்த சக்கரத்தை என் கையில் கொடுத்தார்.

சென்னைக்குப் போனவர்களின் இசைத்தட்டு வந்ததா என்று தெரியாது. ஆனால் பல வருஷம் கடற்கரை ஓட்டல்களில் அவர்கள் அந்தப் பாட்டை வாசித்தார்கள். நானே வெளியில் சைக்கிளை நிறுத்திக் கேட்டிருக்கிறேன். எட்டாவதில் அதே தடுக்கல். தறி சரியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர்கள்தான் ஏன் என்று தெரியாமலே நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் வீட்டு அலமாரியில் ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறதே, போன பொங்கலுக்குப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் பார்த்தீர்களே, அதைத்தான் மேஸ்திரி கொடுத்தார். எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் பல் வழவழவென்று இருக்கும். யாரிடம் பயின்றீர்கள் என்று எவராவது இனி கேட்டால், அதை மேசையில் வைத்துவிட்டு, அதன் பல்லை அவர் எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பதாக இருக்கிறேன்.